ஓர் இரவுக் கணக்கு: வீடற்றோர் ஆய்வும் சமூகப்பணிக் கல்வியும்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோர் மற்றவர்களைப் போல வாரக்கணக்கில் எண்ணப்படுவதில்லை. 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை நாடெங்கும் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்த பணியாளர்கள், கடைசி நாளான பிப்ரவரி 28 அன்று இரவில்தான் தெருவில் உறங்குவோரை எண்ணினார்கள். கட்டடம் எதிலும் வசிக்காமல் சாலையோரத்திலும் நடைபாதையிலும், மேம்பாலத்தின் அடியிலும் மாடிப்படியின் கீழும், பெரிய சிமென்ட் குழாய்களுக்குள்ளும், கோயில் மண்டபங்களிலும் ரயில் நிலைய நடைமேடைகளிலும் வசிப்போரே வீடற்றோர் என்பது அக்கணக்கெடுப்பு வகுத்துக்கொண்ட வரையறை. அந்த ஓர் இரவில் கிடைத்த எண்ணிக்கை 17.73 லட்சம். அதற்கு முந்தைய 2001ஆம் ஆண்டுக் கணக்கில் அது 19.43 லட்சமாக இருந்தது. மொத்தத்தில் குறைவு தெரிந்தாலும், நகரங்களில் வாழும் வீடற்றோர் மட்டும் அதே பத்தாண்டுகளில் 7.78 லட்சத்திலிருந்து 9.38 லட்சமாகப் பெருகினார்கள்.

இந்த எண்ணை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதும் மாணவர், அது எவ்வாறு உருவாயிற்று என்று கேட்கப் பழகவில்லையெனில், வீடின்மையைப் பற்றி அவர் கற்றது மிகக் குறைவு. கோயம்பேடு சந்தையில் நள்ளிரவுக்குப் பின் வந்து நிற்கும் லாரிகளில் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பவர், அந்த இரவில் தாம் வழக்கமாகப் படுக்கும் கடைவாசலில் இருக்கமாட்டார். அரசு மருத்துவமனை வளாகத்தில் நோயாளியின் உறவினரைப் போல ஒதுங்கிப் படுத்திருக்கும் முதியவள், பார்வைக்கு வீடுள்ளவளாகவே தெரிவாள். நான்கு கழி நட்டுத் தார்ப்பாய் கட்டியிருக்கும் நடைபாதைக் குடும்பத்தைக் குடிசைவாசிகள் என்று எழுதுவதா, வீடற்றோர் என்று எழுதுவதா என்பது, அன்றிரவு அங்கு வரும் பணியாளரின் முடிவைப் பொறுத்தது. யாரை வீடற்றவர் என்று கொள்வது, அவரை எந்த நேரத்தில், யார் எண்ணச் செல்வது என்ற ஏற்பாடுகளே ஒரு மனிதரைக் கணக்கில் சேர்க்கின்றன. அவையே அவரை விட்டும்விடுகின்றன. கணக்கில் விடுபட்டவருக்குக் காப்பகத்தில் பாய் இல்லை, திட்டத்தில் நிதி இல்லை. வகுப்பறையில் சொல்லி விளங்கவைக்க முடியாத இந்தப் பாடத்தை, வீடற்ற மக்களோடு சேர்ந்து ஆய்வு செய்வதன் வழியாகவே சமூகப்பணி மாணவர் கற்க இயலும் என்பதும், அதற்காகக் கல்வித் துறைகள் தம் வழக்கங்கள் சிலவற்றைக் கைவிட வேண்டும் என்பதும் இச்சொற்பொழிவு முன்வைக்கும் கருத்து.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936இல் மும்பையில், சர் தொராப்ஜி டாட்டாவின் பெயரால் அமைந்த பட்டமேற்படிப்புப் பள்ளியில் தொடங்கியது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கம் முதலே இக்கல்வியின் உயிர்நாடியாக இருந்துவருவது களப்பணி. அதாவது, வாரத்தில் பெரும்பாலும் இரண்டு நாள் மாணவர் ஒரு நிறுவனத்திலோ குடியிருப்புப் பகுதியிலோ பணியாற்றி, அதைப் பதிவேட்டில் எழுதி, மேற்பார்வையாளரான ஆசிரியரிடம் காட்டி, அவரோடு கலந்து பேசிக் கற்கும் முறை. ஆய்வுமுறையியல் என்பதோ தனித் தாளாக நிற்கிறது. கருதுகோள், மாதிரி எடுத்தல், வினாப்பட்டியல், அட்டவணை என்று அது பயிற்றுவிக்கப்பட்டு, இறுதியாண்டில் ஒரு ஆய்வேடாக முடிகிறது. களப்பணிக்கு ஓர் இடம், ஆய்வேட்டுக்கு வேறோர் இடம் என்பதே பெரும்பாலான துறைகளில் நடைமுறை. இதன் விளைவாக, களத்தில் மக்களோடு பழகிய மாணவரிடம் கேள்வி இருப்பதில்லை. கேள்வியோடு செல்லும் மாணவருக்கு மக்களோடு பழக்கம் இருப்பதில்லை. அறுபது பேரிடம் வினாப்பட்டியலை நிரப்பிக்கொண்டு வந்து, கட்டி, அட்டை போட்டு, நூலக அலமாரியில் அடுக்கப்படும் ஆய்வேடுகளால் எந்த நடைபாதைக்கும் பயன் விளைந்ததில்லை.

இந்த இரண்டையும் இணைக்கும் வழிக்கு மக்கள் பங்கேற்பு ஆய்வு என்று பெயர். ஆய்வுக்கு உட்படும் மக்களே கேள்வியைத் தீர்மானிப்பதிலும், தகவல் திரட்டுவதிலும், அதற்குப் பொருள் சொல்வதிலும், அதைக்கொண்டு எதைக் கேட்டுப் பெறுவது என்று முடிவெடுப்பதிலும் பங்குகொள்வது இதன் அடிப்படை. இதன் வேர்கள் பழையவை. சிகாகோ நகரில் 1889இல் ஜேன் ஆடம்ஸும் எலன் ஸ்டாரும் தொடங்கிய ஹல் ஹவுஸ் இல்லத்தில் தங்கியிருந்தோர், சுற்றியிருந்த தெருக்களில் வீடு வீடாகக் கூலியையும் பிறப்பிடத்தையும் விசாரித்து, வண்ண வரைபடங்களாக 1895இல் வெளியிட்டார்கள். ஆய்வையும் செயலையும் ஒரே சுழற்சியாகக் காணும் செயலாய்வு என்ற கருத்தைக் குர்ட் லெவின் 1946இல் எழுதினார். கொலம்பிய நாட்டுச் சமூகவியலாளர் ஒர்லாந்தோ பால்ஸ் போர்தா அதை உழவர்களுடைய போராட்டங்களோடு இணைத்தார். ஆயினும் வீடின்மையைப் பொறுத்தவரை, மாணவர்கள் படிக்க வேண்டிய முதன்மையான முன்னோடி வெளிநாட்டில் இல்லை. மும்பையின் பைகுல்லாவில் இருக்கிறது.

1981ஆம் ஆண்டு ஜூலையில், கொட்டும் மழைக்காலத்தில், மும்பை நடைபாதைகளில் வசிப்போரை அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பிவிடப்போவதாக மராட்டிய அரசு அறிவித்தது. அதை எதிர்த்துப் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது. வாழும் உரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று அத்தீர்ப்பு கூறியது சட்டக் கல்லூரிகளில் இன்றும் போற்றிப் படிக்கப்படுகிறது. அதே தீர்ப்பு, உரிய அறிவிப்புக் கொடுத்து நடைபாதைக் குடிசைகளை அகற்ற மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு என்றும் கூறியதை அந்த அளவுக்கு யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை, அதாவது அக்டோபர் 31 வரை, நடைபாதைக் குடும்பங்களுக்கு அவகாசம் கிடைத்தது. அவர்கள் எத்தனை பேர், எங்கிருந்து வந்தவர்கள், என்ன வேலை செய்பவர்கள் என்பது பற்றி நகரத்திடம் நம்பகமான விவரம் ஏதும் இல்லை. நாடோடிகள், குற்றம் செய்பவர்கள், நேற்று வந்தவர்கள் என்ற பேச்சு மட்டுமே இருந்தது.

டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் சமூகப்பணி பயின்ற ஷீலா பட்டேலும் அவருடைய தோழர்களும் 1984இல் தொடங்கிய ஸ்பார்க் என்ற அமைப்பு, பைகுல்லாவில் மாநகராட்சி மருந்தக வளாகத்துக் கார் கொட்டகை ஒன்றை இடமாகக் கொண்டு, நடைபாதைப் பெண்களோடு பழகிவந்தது. வெளியேற்றம் வருகிறது என்ற அச்சம் சூழ்ந்திருந்த அந்த 1985ஆம் ஆண்டில், அப்பெண்களோடு சேர்ந்து அவ்வமைப்பு நடைபாதைக் குடும்பங்களை எண்ணத் தொடங்கியது. ஏறத்தாழ 6,000 குடும்பங்களின் விவரம் திரட்டப்பட்டு, கண்ணுக்குத் தெரியாதவர்கள் நாங்கள் என்ற பொருள்படும் தலைப்பில் அறிக்கையாக வெளிவந்தது. பல குடும்பங்கள் பல ஆண்டுகளாக ஒரே நடைபாதையில் வாழ்ந்துவருவதையும், நாட்டின் வறிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு தேடி வந்தவர்கள் என்பதையும், மிகப் பெரும்பாலோர் வேலைக்கு நடந்தே போகும் தொலைவில் தங்கியிருக்கிறார்கள் என்பதையும் அது காட்டியது. கடைசியாகச் சொன்ன செய்திதான் மிக முக்கியமானது. பேருந்துக்கோ ரயிலுக்கோ கொடுக்கப் பணமில்லாதவர், வேலை இருக்கும் இடத்துக்கு அருகே வாடகை இல்லாமல் தங்கக்கூடிய ஒரே இடம் நடைபாதை. போக்கிடமின்றி அவர் அங்கே விழுந்துகிடப்பதாக நினைத்துத் திட்டம் தீட்டினால் ஒருவகையான தீர்வு தோன்றும். கூலிக்கும் செலவுக்கும் கணக்குப் போட்டே அவர் அங்கே இருக்கிறார் என்று அறிந்து தீட்டினால் முற்றிலும் வேறான தீர்வு தோன்றும்.

அந்தக் கணக்கெடுப்பிலிருந்து வளர்ந்ததுதான் 1986இல் உருவான மகிளா மிலன் என்ற பெண்கள் கூட்டமைப்பு. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரும், மும்பை ஜனதா காலனி இடிப்பை எதிர்த்து நின்றவருமான ஜோக்கின் அற்புதம் தலைமையேற்ற தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு அதற்குத் துணைநின்றது. அப்பெண்கள் ரேஷன் அட்டைக்காகக் கூட்டாக அலைந்தார்கள்; சிறுகச் சிறுகச் சேமித்தார்கள்; தமக்கு வேண்டிய வீட்டின் நீள அகல உயரங்களைப் புடவையால் அளந்து, முழு அளவு மாதிரி வீட்டைக் கட்டிக் காட்சிக்கு வைத்தார்கள்; பின்னர் மான்குர்டில் மிலன் நகர் என்ற குடியிருப்பையே எழுப்பினார்கள். எண்ணப்பட்டவர்கள் எண்ணுபவர்களாக மாறியதே இந்த வரலாற்றின் திருப்புமுனை. ஜோக்கின் அற்புதம் 2000இல் மகசேசே விருது பெற்றார். இருந்தும், தமிழ்நாட்டுச் சமூகப்பணி மாணவர் பலருக்கு அவர் பெயரே தெரியாது என்பது வருந்தத்தக்கது.

சென்னை மாணவருக்கு இதற்கு இணையான களம் கல்லூரி வாசலிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. பாரிமுனை, வால்டாக்ஸ் சாலை, யானைகவுனி, ராயபுரம் ஆகிய பகுதிகளில் இரண்டு மூன்று தலைமுறைகளாகப் பிளாட்பாரத்திலேயே பிறந்து, வளர்ந்து, மணம்முடித்து வாழும் குடும்பங்கள் உண்டு. மீன்பாடி வண்டி ஓட்டுவது, சுமை தூக்குவது, பூ கட்டுவது, குப்பையில் பிளாஸ்டிக்கும் அட்டையும் பொறுக்கிக் கடையில் போடுவது, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்ப்பது என்று அவர்களுடைய வேலைகள் நகரத்தின் அன்றாட இயக்கத்தோடு பின்னிக்கிடக்கின்றன. பகலில் அவர்களுடைய குடித்தனம் முழுவதும் ஒரு தார்ப்பாய் மூட்டையாகச் சுருங்கிச் சுவரோரமாகவோ கம்பித் தடுப்பிலோ கட்டப்பட்டிருக்கும். கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிய பிறகுதான் அது விரிந்து வீடாகும். ஆகவே பகல் பதினொரு மணிக்கு வினாப்பட்டியலோடு செல்லும் மாணவருக்கு அங்கே வீடும் தெரியாது, வீடின்மையும் தெரியாது.

பங்கேற்பு ஆய்வில் பெரிதும் பயன்படும் ஓர் எளிய கருவி, நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தையும் சாக்பீஸால் தரையில் வட்டமாக வரைந்து, எந்த மணியில் யார் என்ன செய்கிறார்கள் என்று அவர்களையே நிரப்பச் சொல்வது. நடைபாதைப் பெண்கள் அதை நிரப்பும்போது வினாப்பட்டியலில் எக்காலத்திலும் வராத செய்திகள் வருகின்றன. கடை அடைக்கும் நேரம் எது, திறக்கும் நேரம் எது என்பதே அவர்களுடைய உறக்கத்தின் எல்லை. விடியுமுன் எழுந்து கட்டணக் கழிப்பறை வரிசையில் நிற்க வேண்டும். அங்கே கழிப்பதற்கு ஒரு விலை, குளிப்பதற்கு ஒரு விலை, துணி துவைப்பதற்கு ஒரு விலை. வயதுக்கு வந்த பெண் பிள்ளை இருக்கும் குடும்பத்தில் இரவு முழுவதும் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பதால், தாயும் பாட்டியும் முறைவைத்துத் தூங்குவார்கள். இந்த வட்டத்தைத் தரையில் பார்க்கும் மாணவர், உறக்கம், தண்ணீர், கழிப்பறை, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு ஒரு நடைபாதைக் குடும்பம் மாதந்தோறும் செலவிடும் தொகையைக் கூட்டிப் பார்த்தால், வாடகை கொடுக்காதவர்கள் இலவசமாக வாழ்கிறார்கள் என்ற பொதுப்பேச்சு எவ்வளவு பொய்யானது என்பதை உணர்வார். எந்தக் கருவியும் அதனளவில் சிறந்ததன்று. சாக்பீஸ் வட்டத்தையும் மாணவர் தாமே நிரப்பிவிட்டு வரலாம். சாக்பீஸ் யார் கையில் இருக்கிறது என்று கவனிப்பதுதான் மேற்பார்வையாளரின் வேலை.

சட்டமும் கொள்கையும் இக்களத்தோடு வைத்துப் படிக்கப்படும்போது உயிர்பெறுகின்றன. உணவுரிமை வழக்கின் தொடர்ச்சியாக 2010இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள், 5 லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில், ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், ஆண்டின் எல்லா நாளும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் காப்பகங்களை அமைக்கச் சொல்லின. 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் பகுதியாக வந்த நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டம், தங்குபவர் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும் என்று வரையறுத்தது. 426 சதுர கிலோமீட்டராக விரிந்த சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 2011இல் ஏறத்தாழ 67 லட்சம் பேர் வாழ்ந்தார்கள் என்பதைக் கொண்டு பார்த்தால், அறுபதுக்கும் மேற்பட்ட காப்பகங்கள் தேவை என்ற எண்ணை எந்த மாணவரும் கணித்துவிடலாம். காப்பகம் எங்கே இருக்கிறது என்று நன்றாக அறிந்தவர்களும் ஏன் நடைபாதையிலேயே படுக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேடும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது. பெரும்பாலான காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, முதியோருக்குத் தனி என்று அமைந்தவை. கணவனும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஒரு கிழவியும் கொண்ட குடும்பம் அங்கே போனால் மூன்று இடமாகச் சிதற வேண்டும். மீன்பாடி வண்டியை நிறுத்த இடமில்லை. வண்டி திருட்டுப் போனால் பிழைப்பே போயிற்று. நகரின் விளிம்பில், பாரிமுனையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ வீடு ஒதுக்கப்பட்ட குடும்பங்களில் சில திரும்பி வந்துவிடுவதன் காரணத்தையும் பைகுல்லா ஆய்வு முன்பே கூறியிருக்கிறது: நடந்துபோகும் தொலைவில் வேலை இல்லை.

வீடற்றோரில் ஒரு பகுதியினருக்குக் குடும்பமும் இல்லை. மனநோயோடு தெருவில் அலைந்துதிரிபவர்களும் அவர்களில் உண்டு. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் 1993இல் தொடங்கிய தி பேன்யன், வீடிழந்த மனநோயாளிப் பெண்களுக்குச் சிகிச்சையும் அடைக்கலமும் அளிக்கும் இடமாகத் தோன்றி வளர்ந்தது. சிகிச்சைக்குப் பிறகு ஊருக்குத் திரும்ப இயலாதவர்கள் ஆண்டுக்கணக்கில் விடுதியிலேயே தங்கிவிடுவதைக் கண்டு, நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீட்டில், துணைப் பணியாளர் ஒருவரின் உதவியோடு வாழும் ஏற்பாட்டை 2015இல் அது தொடங்கியது. நிறுவனத்துக்குள் நீண்டகாலம் வாழ்ந்தவர்கள் எதை வீடு என்று கருதுகிறார்கள் என்பதைக் கேட்டறிந்து, சேவையை அதற்கேற்ப மாற்றுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மனநலச் சமூகப்பணி முதுகலை மாணவர்கள் இத்தகைய இடத்தில் ஆய்வையும் பணியையும் ஒன்றாகக் கற்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சமூகத்தோடு கலந்து வாழும் உரிமையை ஒரு பிரிவாகவே கூறுகிறது. அச்சட்டத்தின்படி, தெருவில் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையத்தின் கடமையும் ஆகும்.

ஆய்வு அறத்தைப் பற்றித் தனியாகவும் சற்று விரிவாகவும் பேச வேண்டியிருக்கிறது. ஆய்வின் நோக்கத்தையும் அதனால் வரக்கூடிய தீமையையும் அறிந்த பிறகு ஒருவர் தாமாக அளிக்கும் இசைவே ஒப்புதல் எனப்படுகிறது. பல்கலைக்கழகக் குழுக்கள் அதைக் கையெழுத்திட்ட தாளாகக் கேட்கின்றன. நடைபாதையில் வாழ்பவருக்குத் தாளில் கையெழுத்துப் போடுவது அச்சம் தரும் செயல். அவர் கையெழுத்திட்ட தாள்களால் அவருக்கு நன்மை விளைந்தது அரிது. பெயர்ப்பட்டியல் அதைவிடவும் ஆபத்தானது. பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கி, அவ்வாறு பிடிபட்டவர்களை அடைத்துவைக்க வழிசெய்யும் சட்டங்கள் பல மாநிலங்களில் இருக்கின்றன. சென்னை மாகாணத்தில் அத்தகைய சட்டம் 1945இலேயே இயற்றப்பட்டது. 2017 நவம்பரில் ஹைதராபாத்தில் பன்னாட்டு மாநாடு ஒன்று நடப்பதை ஒட்டிப் பிச்சையெடுப்போர் தெருக்களிலிருந்து அகற்றப்பட்டார்கள். 2018 ஆகஸ்ட் 8 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், டெல்லியில் நடைமுறையிலிருந்த மும்பைப் பிச்சையெடுத்தல் தடைச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை என்று ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு மற்ற மாநிலங்களைத் தானாகக் கட்டுப்படுத்தாது. இந்நிலையில், யார் எந்த மூலையில் எந்த நேரத்தில் படுக்கிறார் என்று பெயரோடும் படத்தோடும் எழுதிவைத்திருக்கும் மாணவரின் கைப்பேசி, தவறான கைக்குப் போனால் ஒரு வேட்டைப் பட்டியலாகிவிடும். வாய்மொழி இசைவு, பெயருக்குப் பதிலாகக் குறியீடு, தெருவின் இடத்தைத் துல்லியமாகக் காட்டாத வரைபடம், படம் எடுக்காமை ஆகியவை மாணவருக்கு முதல் வாரத்திலேயே பழக்கமாக வேண்டும்.

அறத்தின் இன்னொரு பக்கம், எல்லா நடைபாதையிலும் எழும் ஒரு கேள்வியில் இருக்கிறது. “எழுதிக்கிட்டுப் போறியேம்மா, வீடு வருமா?” என்று பாட்டி கேட்பாள். “முயற்சி பண்றோம் பாட்டி” என்று இரக்கத்தால் சொல்லிவிடும் மாணவி, பொய்யான நம்பிக்கை ஒன்றை விதைத்துவிட்டுத் தேர்வு எழுதப் போய்விடுகிறாள். “இந்தப் பேப்பரால வீடு வராது பாட்டி, ஆனா இதை வச்சு நீங்க எல்லாரும் சேர்ந்து மண்டல ஆபீஸ்ல என்ன கேக்கலாம்னு பேசலாம்” என்று சொல்லக் கற்பதற்கு ஒரு பருவம் முழுவதும் தேவைப்படலாம். அதைக் கற்ற மாணவி தொழிலில் எங்கே பணியாற்றினாலும் மக்களை ஏமாற்றமாட்டாள்.

கண்டறிந்ததை அதிகாரத்தின் முன் துணிந்து வைப்பதும் இக்கல்வியின் பகுதியே. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களச்செயல் திட்டமாக 2006 முதல் வீடற்றோரிடையே பணியாற்றும் கோஷிஷ் என்ற குழு, பிகார் அரசின் வேண்டுகோளின்படி அம்மாநிலத்தின் 110 இல்லங்களில் சமூகத் தணிக்கை மேற்கொண்டு 2018இல் அறிக்கை அளித்தது. சமூகத் தணிக்கை என்பது கணக்கேடுகளை மட்டும் பார்க்காமல், அங்கே தங்கியிருப்பவர்களிடமே அமர்ந்து கேட்டறிந்து ஒரு நிறுவனத்தை மதிப்பிடும் முறை. முசாபர்பூர் சிறுமியர் இல்லத்தில் நடந்த கொடுமை அவ்வாறுதான் வெளிவந்தது. 2020இல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்குத் தண்டனை வழங்கியது. காப்பகங்களைப் பார்வையிட்டு, பாய், போர்வை, கழிப்பறை எல்லாம் சரி என்று பதிவேட்டில் குறித்துவிட்டு வரும் களப்பணிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, தங்கியிருப்பவர் தனியாக மனம்விட்டுப் பேசும் அளவுக்கு நேரம் ஒதுக்கப்பட்டதா என்பதில் இருக்கிறது.

நேரம்தான் கல்வி நிறுவனங்கள் கொடுக்கத் தயங்குவது. மாணவர் ஜூனில் வருகிறார், ஏப்ரலில் போய்விடுகிறார்; அடுத்த அணி வந்து அதே பாட்டியிடம் முதல் கேள்வியிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. ஒரு துறை ஒரு குறிப்பிட்ட நடைபாதைப் பகுதியைப் பத்தாண்டுகளுக்கேனும் தன் பொறுப்பாக ஏற்று, ஆண்டுதோறும் ஒரு அணி அடுத்த அணியிடம் பதிவேடுகளையும் உறவையும் ஒப்படைக்கும் முறை வந்தால் ஒழிய இந்த வீண்சுற்று நிற்காது. களப்பணியும் ஆய்வேடும் ஒரே இடத்தில் ஒரே கேள்வியைப் பற்றி அமைய அனுமதிக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு மேல் நடக்கும் பணியும் களப்பணி நேரமாகக் கருதப்பட வேண்டும். அதற்கேற்ப மாணவியரின் பாதுகாப்பையும் போக்குவரத்தையும் நிறுவனமே ஏற்க வேண்டும். பகுதி மக்களிலிருந்து ஆய்வுத் துணைவர்களாகச் சேருபவர்களுக்கு அவர்கள் இழக்கும் கூலி கொடுக்கப்பட வேண்டும். ஆய்வேடு எந்த மொழியில் எழுதப்பட்டாலும், அதன் முடிவுகள் எளிய தமிழில் அந்த நடைபாதையிலேயே வாசித்துக் காட்டப்பட்டு, அங்குள்ளவர்கள் சொல்லும் திருத்தங்கள் சேர்க்கப்பட்ட பிறகே மதிப்பெண் வழங்கப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் நிதி தேவையில்லை. பல்கலைக்கழகக் கல்விக்குழுவின் ஒரு தீர்மானமும், ஆசிரியர்கள் இரவில் மாணவரோடு சென்று நிற்கும் மனமும் போதும்.

2011க்குப் பின் நாடு தழுவிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெறும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. முந்தைய வழக்கப்படி வீடற்றோர் அதன் கடைசி இரவில் எண்ணப்படுவார்களாயின், எந்தத் தெருவில், எந்த மேம்பாலத்தின் அடியில், எத்தனை மணிக்குப் போனால் அவர்களைக் காணலாம் என்பதை அறிந்தவர்கள் வேண்டும். ஒவ்வொரு நகரத்திலும் உள்ள சமூகப்பணித் துறைகள் அப்பகுதி மக்களோடு சேர்ந்து அந்த இடங்களை முன்கூட்டியே குறித்து, பெயர்களை விடுத்து இடங்களையும் நேரங்களையும் மட்டும் கணக்கெடுப்பு அலுவலரிடம் அளித்து, அந்த இரவில் நடைபாதைப் பெண்கள் வழிகாட்ட மாணவர்கள் உடன்செல்வதற்கு இசைவு கேட்டு இப்போதே விண்ணப்பிக்க வேண்டும்.